சன்னல் அளவும் திரை அளவும்

கண்ணுக்கு இமை எப்படியோ, சன்னலுக்குத் திரை அப்படி. வெளிச்சமும் காற்றும் வேண்டும்போது அது விலக வேண்டும். சுடும் வெயிலும் வேற்றார் பார்வையும் வரும்போது மூட வேண்டும். ஆயினும் திரைச்சீலை என்றதும், அது வசதி படைத்தோர் வீட்டு அலங்காரம் என்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். தெருவை ஒட்டிய ஓரறை வீட்டில், இருக்கும் ஒரே சன்னலின் அருகில் அமர்ந்து படிக்கவும், தலை வாரவும், உடை மாற்றவும் வேண்டிய பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அவளுக்குத் திரை அலங்காரம் அன்று. அது ஒரு சுவர்.

அத்தகைய திரை ஒரு சாண் குறைந்தாலும் பயன்படாது. ஒரு மீட்டர் கூடினாலோ, துணியில் விழாத துண்டு வீட்டுக் கணக்கில் விழும். கடையில் வெட்டிய துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே கடைக்குப் போகுமுன் அளவைச் சரியாக எடுத்துக்கொள்வது நம் கடமை ஆகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நாம் வகுப்பில் கற்கும் கணக்கே போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வோம்: சன்னலின் அளவு வேறு, திரையின் அளவு வேறு. இமை கண்ணைவிடப் பெரிதாக அல்லவா இருக்கிறது!

முழமும் மீட்டரும்

திரைக்கு அளவு எழுதி வைக்கும் பழக்கம் மிகப் பழமையானது. திருவிவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 26ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். இறைவனின் உறைவிடத்திற்கான திரைகளைப் பற்றி அங்கே கூறப்படுகிறது. மெல்லிய நாரால் நெய்த பத்துத் திரைகள். ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஐந்து ஐந்தாக இணைத்து, ஓரங்களில் ஐம்பது ஐம்பது வளையங்கள் வைத்து, ஐம்பது பொன் கொக்கிகளால் மாட்ட வேண்டும். அவற்றின்மேல் போட வெள்ளாட்டு உரோமத்தால் நெய்த பதினொரு திரைகள்; அவை 30 முழ நீளம். மேலே போடும் திரை உள்ளே இருப்பதைவிட 2 முழம் நீண்டது என்பதைக் கவனியுங்கள். மூடுகின்ற துணி, மூடப்படும் பொருளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே இருக்கிறது.

முழம் என்பது முழங்கை முதல் விரல் நுனி வரையுள்ள நீளம். நம் ஊரில் பூக்கார அம்மா இன்றும் முழம் போட்டுத்தான் மல்லிகை விற்கிறார். ஆனால் ஆளுக்கு ஆள் கை நீளம் மாறுகிறது. பூவுக்குப் பரவாயில்லை, துணிக்கு அது ஆகாது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் மெட்ரிக் அளவுமுறை வந்தது. 1983 முதல் மீட்டர் என்பது ஒளியின் வேகத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது. அதில் ஒரு பங்கே ஒரு மீட்டர். யாருடைய கையையும் நம்ப வேண்டியதில்லை.

ஆயினும் துணிக்கடையிலும் தையற்கடையிலும் அடியும் அங்குலமும் இன்னும் வழக்கில் உள்ளன. 1 அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஆகவே தாளில் '48' என்று மட்டும் எழுதக் கூடாது. 48 அங்குலம் ஏறத்தாழ 122 செ.மீ.; 48 செ.மீ. என்பதோ ஒரு கைக்குட்டையைவிடச் சற்றே பெரிது. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதுங்கள் என்று நம் கணித ஆசிரியைகள் ஓயாமல் கூறுவது இதற்காகத்தான்.

எதை மறைக்க வேண்டும்?

நாடாவை எடுக்குமுன் சன்னலின் எதிரே ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். இந்தத் திரை எதற்கு? மேற்கு வெயிலைத் தடுக்கவா? தெருவில் போவோர் பார்வையை மறைக்கவா? குளிர்காற்றைத் தடுக்கவா? அல்லது அறை அழகாக இருந்தால் போதுமா? பதிலைப் பொறுத்து அளவே மாறிவிடும். வெயிலைத் தடுக்கும் திரை பக்கங்களிலும் மேலும் தாராளமாக நீள வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கின் வழியே வெயில் வந்து கட்டிலில் விழும். பார்வையை மறைக்கும் திரையோ சன்னல் முழுவதையும் மூட வேண்டும் என்பதில்லை. இதைப் பின்னர்க் காண்போம்.

அடுத்துச் சன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் உட்பக்கம் கம்பியும், கதவு வெளிப்பக்கம் திறப்பதுமாக இருக்கும். மழை வரும்போது கம்பிக்கு நடுவே கையை விட்டுத்தான் கதவை இழுத்துச் சாத்துகிறோம். திரை கைக்கு எளிதில் விலக வேண்டும். பழைய கட்டடங்களில் கதவு உள்ளே திறக்கும். 90 செ.மீ. அகலச் சன்னலில் ஒவ்வொரு கதவும் 45 செ.மீ. உள்ளே வரும். அங்கே சன்னல் சட்டத்திலேயே திரைக்கம்பியை அடித்தால் கதவு திறக்காது. சுவரில், சட்டத்திற்கு மேலே அடிக்க வேண்டும்.

சன்னலுக்கு அடியில் கட்டில், படிக்கும் மேசை, மின்சார சுவிட்சுப் பலகை, குளிரூட்டும் பெட்டி ஏதேனும் இருந்தால் அவற்றையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மேசைக்குப் பின்னால் தொங்கும் துணி நாளும் கசங்கிக் கிழியும்.

நாடாவைப் பற்றி

தையல் நாடா பொதுவாக 150 செ.மீ. நீளம் உள்ளது. உடலை அளக்க அது ஏற்றது. சன்னலை அளக்கத் தச்சர் பயன்படுத்தும் எஃகு நாடாவே சிறந்தது. தையல் நாடா பழக்கத்தில் சற்று நீண்டு போகும், நடுவில் தொய்யும். எஃகு நாடாவின் நுனியிலுள்ள கொக்கி சிறிது ஆடுவதைப் பார்த்து, அது பழுதாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆடுமாறு வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பொருளின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போது அது வெளியே நகரும். சுவரில் அழுத்தும்போது உள்ளே நகரும். இரண்டு வகையிலும் அளவு சரியாக வருகிறது. என்ன அறிவான ஏற்பாடு!

இக்காலத்தில் கைப்பேசியின் கேமராவைக் காட்டினாலே அளவு சொல்லும் செயலிகளும் உள்ளன. அறை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட அவை உதவும். கத்தரிக்கோல் வைக்கப்போகும் துணிக்கு நாடாவையே நம்புவோம்.

உயரத்தை அளக்கும்போது தரையில் நின்று கையை உயர்த்தி எட்டி அளப்பது கூடாது. உறுதியான முக்காலியில் ஒருவர் ஏற, மற்றவர் கீழ்முனையைப் பிடித்து எண்ணைப் படிக்க, மூன்றாமவர் எழுத வேண்டும். எழுதியவர் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

சன்னலை அளத்தல்

கட்டடத்தில் எல்லாச் சன்னல்களும் ஒரே அளவு என்று நினைக்கத் தோன்றும். இவ்வாண்டு எங்கள் வகுப்பு மாணவியர் விடுதியின் நோயர் அறைக்குத் திரை தைப்பதற்காக அங்குள்ள ஆறு சன்னல்களையும் அளந்தோம். கண்ணுக்கு ஆறும் உடன்பிறந்தவை போலவே இருந்தன. நாடாவோ 88.5 செ.மீ. முதல் 91 செ.மீ. வரை வெவ்வேறு அகலம் காட்டியது. பூச்சு வேலையில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போவது இயல்பு. ஆகவே ஒவ்வொரு சன்னலுக்கும் ஓர் எண் கொடுத்துத் தனித்தனியே எழுதினோம்.

ஒரே சன்னலிலும் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றில் எதை எடுத்துக்கொள்வது? சுவரின் குழிவுக்குள் இரு பக்கச் சுவர்களுக்கு இடையே கம்பி பொருத்துவதானால் மூன்றில் சிறியதையே கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கம்பி உள்ளே நுழையாது. சுவரின்மேல் வெளிப்பக்கமாகத் தொங்கவிடுவதானால் பெரியதைக் கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஓரம் தெரியும்.

சட்டம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் சமம் என்பது நாம் படித்ததே. 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள சன்னலுக்கு மூலைவிட்டம் 150 செ.மீ. இருக்க வேண்டும். இது பித்தாகரசு தேற்றத்தில் நாம் காணும் 3, 4, 5 முக்கோணமே. ஒரு மூலைவிட்டம் 151ஆகவும் மற்றது 149ஆகவும் இருந்தால் சட்டம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது திரைக்கம்பியைச் சட்டத்தின் விளிம்பைப் பார்த்து அடிக்காமல், கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

முதலில் கம்பி, பிறகு அளவு

இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். திரை தொங்குவது சன்னலில் அன்று, கம்பியில். ஆகவே முதலில் கம்பியைப் பொருத்திவிட்டு, அதிலிருந்தே நீளத்தை அளக்க வேண்டும்.

கம்பி சன்னலைவிட இரு பக்கமும் 15 செ.மீ. நீண்டிருப்பது நல்லது. திரையை ஒதுக்கும்போது சுருங்கிய துணி சுவரின்மேல் போய் நிற்கும். சன்னல் முழுவதும் திறந்து காற்று வரும். சன்னல் அளவுக்கே கம்பி போட்டால், ஒதுக்கிய துணியே இரு பக்கமும் வெளிச்சத்தை அடைத்துக்கொள்ளும். உயரத்தில், சட்டத்திற்கு மேல் 10 செ.மீ. விடலாம். ஆனால் அந்த இடத்தில்தான் கான்கிரீட் லிண்டல் இருக்கும். சாதாரண ஆணி அங்கே இறங்காது. துளையிடும் இயந்திரம் கொண்டு வருமாறு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீளத்தை எந்த இடத்திலிருந்து அளப்பது என்பது திரையின் தலைப்பைப் பொறுத்தது. வளையத்தில் கொக்கி மாட்டும் திரையானால் வளையத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். துணியை மடித்துத் தைத்துக் கம்பியை அதற்குள் நுழைப்பதானால் கம்பியின் மேல்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். துணியிலேயே உலோக வளையம் பதித்த திரையானால் கம்பிக்கு மேலேயும் துணி சற்று நிற்கும். அதையும் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் இருபுறமும் கொக்கி அடித்து ஸ்பிரிங் கம்பி கட்டுகிறோம். செலவு குறைவு, ஆனால் துணியின் பாரத்தால் நடுவில் தொய்யும். அதில் துணியை மாட்டிய பின்பே அளக்க வேண்டும்; சன்னல் அகலமானால் நடுவிலும் ஒரு கொக்கி வேண்டும்.

கீழே எதுவரை? சன்னலோடு நிற்கும் திரை சட்டத்திற்குக் கீழே 15 செ.மீ. வரை வந்தால் போதும். தரை வரை தொங்குவதானால், நாள்தோறும் ஈரத்துணியால் தரை துடைக்கும் நம் வீடுகளில் 2 அல்லது 3 செ.மீ. உயர்ந்து நிற்பதே நல்லது. இல்லாவிட்டால் ஓரம் கறுத்துப் போகும்.

துணிக்கணக்கு

இனி, எடுத்துக்காட்டாக, 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள நம் சன்னலுக்குக் கணக்குப் போடுவோம்.

நீளம்: மேலே 10, சன்னல் 120, கீழே 15. மொத்தம் 145 செ.மீ. இதுவே திரை தொங்கும் நீளம். இதனுடன் மேல் மடிப்புக்கு 8, கீழ் மடிப்புக்கு 12 சேர்த்தால் 165 செ.மீ. புதிய பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். அதற்கு 5 விழுக்காடு வைப்போம். 165இல் 5 விழுக்காடு 8.25, ஆகவே 173.25 போதும் என்று தோன்றும். ஆனால் சுருங்குவது வாங்கிய துணியில் அல்லவா? 173.25இல் 5 விழுக்காடு போனால் 164.6தான் மிஞ்சும். எனவே 165ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும்; 173.7 வரும். 174 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். துணியை வாங்கி வந்ததும் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்து, அதன் பின்பே 165 செ.மீ. துண்டுகளாக வெட்டுவது மிக நன்று.

அகலம்: கம்பி 90 உடன் 30 சேர்ந்து 120 செ.மீ. அதே அளவு துணி போட்டால் விரிப்பு போல் தட்டையாக நிற்கும், கொசுவம் விழாது. நடுவில் இடுக்கும் தெரியும். ஆகவே கம்பியைப் போல் இரு மடங்கு துணி வேண்டும். தடித்த துணிக்கு ஒன்றரை மடங்கும் போதும். மெல்லிய வலைத்துணிக்கு இரண்டரை மடங்கு வைக்கலாம். இரு மடங்கு என்றால் 240 செ.மீ. இரண்டு திரைகளுக்கு நான்கு ஓரங்கள். ஓர மடிப்புக்கு நான்கு செ.மீ. வீதம் 16. மொத்தம் 256 செ.மீ.

இப்போதுதான் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வருகிறது. அது விலை அன்று. துணியின் பன்னா எவ்வளவு என்பதே. 90 செ.மீ. பன்னா உள்ள துணியானால் 256ஐ 90ஆல் வகுக்க 2.84, ஆகவே மூன்று துண்டுகள் வேண்டும். மூன்று 174கள் 522 செ.மீ. 120 செ.மீ. பன்னாவானால் 2.13 வருகிறது. கணக்குப்படி இங்கும் மூன்று துண்டுகள் வேண்டும். சற்றுப் பொறுங்கள்! இரண்டே துண்டு எடுத்தால் 240 செ.மீ.; மடிப்பு 16 போக 224. கம்பியின் 120ஐப் போல் இது 1.87 மடங்கு. கொசுவம் சிறிதளவு குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரண்டு துண்டு, அதாவது 348 செ.மீ. போதும்.

மீட்டர் 100 ரூபாய் உள்ள 90 செ.மீ. பன்னாத் துணி மலிவென்று எடுத்தால் 522 ரூபாய் ஆகும். மீட்டர் 130 ரூபாய் உள்ள 120 செ.மீ. பன்னாத் துணி விலை கூடுதல் என்று தோன்றும், ஆனால் 3.48 மீட்டருக்கு ஏறத்தாழ 452 ரூபாய்தான் ஆகும். இணைப்புத் தையலும் இல்லை. ஆறு சன்னல் என்றால் 400 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும்.

பெரிய பூப்போட்ட துணியில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பூ மறுபடியும் அதே இடத்தில் வர எத்தனை செ.மீ. ஆகிறது என்று அளக்க வேண்டும். 32 செ.மீ. என்றால், 174க்கு மேற்பட்ட அதன் மடங்கு 192. ஒவ்வொரு துண்டுக்கும் 192 செ.மீ. வாங்கினால்தான் இரு திரைகளிலும் பூக்கள் ஒரே வரிசையில் நிற்கும். மிஞ்சும் 18 செ.மீ. வீணாகாது, திரையை ஒதுக்கிக் கட்டும் பட்டை தைக்கலாம். கட்டமும் பூவும் இல்லாத துணிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆயத்தத் திரைகள் கடைகளில் பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடி நீளங்களில் கிடைக்கின்றன. 5 அடி என்பது 152 செ.மீ. நமக்கு வேண்டியது 145. கீழே கட்டிலோ மேசையோ இல்லையெனில் அதையே வாங்கிவிடலாம். தைக்கத்தான் வேண்டும் என்பது சட்டமில்லை. எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்வதும் அளவின் வேலைதான்.

அம்மாவின் பழைய சேலை

திரைக்குப் புதுத்துணிதான் வேண்டும் என்று யார் சொன்னது? பருத்திச் சேலை பொதுவாக 5.5 மீட்டர் நீளமும், ஏறத்தாழ 115 முதல் 120 செ.மீ. அகலமும் உள்ளது. பலமுறை துவைத்த சேலை இனிச் சுருங்காது. ஆகவே ஒரு திரைக்கு 165 செ.மீ. போதும். மூன்று திரைக்கு 495, 55 செ.மீ. மிச்சம். ஒரு சேலையில் ஒன்றரைச் சன்னல். இரண்டு சேலையில் மூன்று சன்னல்! சேலையின் இரு கரைகளும் திரையின் இரு பக்கமும் நெடுக வந்து அழகு சேர்க்கும். முந்தானை வரும் துண்டை நடுக்கூடத்துச் சன்னலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வெட்டுமுன் சேலையை வெளிச்சத்திற்கு எதிரே விரித்துப் பார்க்க வேண்டும். உட்காரும் இடத்தில் நூல் நைந்திருக்கும். அந்தப் பகுதி திரையின் மடிப்புக்குள் போகுமாறு வெட்ட வேண்டும். எல்லாவற்றிற்கும் முன், அம்மாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்!

பாதிச் சன்னலுக்குத் திரை

தெருவோரச் சன்னலை முழுதும் மூடினால் மே மாதத்தில் மூச்சு முட்டும். திறந்து வைத்தால் போவோர் வருவோர் பார்வை. இதற்கு அரைத்திரை நல்ல வழி. ஆனால் அது எல்லா வீட்டிற்கும் பொருந்தாது. பொருந்துமா என்று அளவு சொல்லும்.

தெருவைவிட வீட்டின் தரை 60 செ.மீ. உயரம் என்று கொள்வோம். சன்னல் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் தொடங்குகிறது. அதன் கீழ்ப்பாதி 60 செ.மீ. உயரத்திற்கு மட்டும் திரை போடுகிறோம். திரையின் மேல்விளிம்பு தெரு மட்டத்திலிருந்து 60, 90, 60 சேர்ந்து 210 செ.மீ. தெருவில் நிற்பவரின் கண் உயரம் 150 செ.மீ. அவர் 3 மீட்டர் தொலைவில் நிற்கிறார். அவர் பார்வை திரையின் மேல்விளிம்பைத் தாண்ட 3 மீட்டருக்கு 60 செ.மீ. ஏற வேண்டும், அதாவது மீட்டருக்கு 20 செ.மீ. அதே சாய்வில் அறைக்குள் 2 மீட்டர் வந்தால் மேலும் 40 செ.மீ. ஏறிவிடும். நம் தரையிலிருந்து அது 190 செ.மீ. உயரம். அங்கே நிற்கும் 160 செ.மீ. பெண் அவர் கண்ணில் படமாட்டாள். அவர் 6 மீட்டர் தள்ளி நின்றாலும் பார்வை 170 செ.மீ. உயரத்தில்தான் போகும். வடிவொத்த முக்கோணங்களைப் படிக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதோ பதில்!

ஆனால் நம் ஊர்களில் சாலையின்மேல் சாலை போட்டு, வீட்டுத் தரை தாழ்ந்து போவதைக் காண்கிறோம். தெரு நம் தரையைவிட 30 செ.மீ. உயர்ந்துவிட்டால் தெருவில் நிற்பவரின் கண் நம் தரையிலிருந்து 180 செ.மீ. உயரத்தில் இருக்கும். 150 செ.மீ. உயரத்தில் முடியும் அரைத்திரைக்கு மேலாக அவர் எளிதில் எட்டிப் பார்க்கலாம். எதிரே மாடி வீடு இருந்தாலும் இதே நிலைதான். அங்கெல்லாம் முழுத்திரையே தேவை. அரைத்திரைக்குச் சேலையைக் குறுக்கே போட்டால் 115 செ.மீ. அகலமே உயரத்திற்குப் போதும். கரை கீழே வரும். இடையில் தையலும் வராது.

இரவில் ஒரு சோதனை

பகலில் மறைக்கும் துணி இரவிலும் மறைக்கும் என்று நம்பக் கூடாது. பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி. உள்ளே இருப்பது தெரியாது. இரவில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். மெல்லிய திரைக்குப் பின்னால் நிற்பவரின் நிழலுருவம் வெளியே நன்றாகத் தெரியும். ஆகவே துணி வாங்குமுன் விளக்கின் எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். திரை மாட்டிய அன்றிரவே ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியே சென்று பார்த்து வர வேண்டும். பெண்கள் தங்கும் விடுதிகளிலும் பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் இதை ஒரு கடமையாகவே கொள்ளலாம். மெல்லிய துணி ஏற்கெனவே மாட்டியிருந்தால், வெளிர்நிற உள்துணி ஒன்று சேர்த்துத் தைத்தால் போதும்.

நெருப்பையும் அளக்க வேண்டும். நம் வீடுகளில் திருவுருவ மேடை சன்னலுக்குப் பக்கத்தில் இருப்பது உண்டு. மாலைச் செபத்திற்கு மெழுகுதிரி ஏற்றுகிறோம். காற்றில் திரை பறக்கும்போது அதன் கீழோரம், கம்பியை மையமாகவும் தன் நீளத்தை ஆரமாகவும் கொண்டு வட்டவில்லாக மேலெழும். 145 செ.மீ. திரையின் ஓரம் எட்டக்கூடிய இடத்தில் மெழுகுதிரியோ அடுப்போ இருத்தல் கூடாது. மேடையை நகர்த்த முடியாவிட்டால், செபத்திற்கு முன் திரையைப் பட்டையால் கட்டிவிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் திரையை இழுக்கும் நீண்ட கயிறுகள் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவும் விடக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முடிவுரை

அளவெடுத்த தாளைத் தூக்கி எறிந்துவிடாமல், சன்னல் எண், கம்பி நீளம், தொங்கும் நீளம், துணியின் பன்னா, வாங்கிய மீட்டர், நாள் ஆகியவற்றை எழுதி வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். ஐந்தாறு ஆண்டுகளில் வெயில்பட்டுத் துணி வெளுத்துப்போகும்போது மறுபடியும் முக்காலி ஏற வேண்டிய வேலை இருக்காது.

தோழியரே, நாம் இப்பள்ளியை விட்டுச் சென்ற பின் எந்த வேலை பார்ப்போமோ, எந்த ஊரில் வாழ்வோமோ, இறைவனுக்கே தெரியும். எங்கே சென்றாலும் ஒரு சன்னல் இருக்கும். அதன் வழியே வரும் காற்றும் வெளிச்சமும் நமக்கு வேண்டும். அதற்குள் நாம் அச்சமின்றி இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருங்கே தருவது விலையுயர்ந்த துணி அன்று, சரியான அளவே. நோயர் அறையின் மேற்குச் சன்னல்களில் இப்போது திரைகள் தொங்குகின்றன. மாலை நாலு மணி வெயில் காய்ச்சலில் படுத்திருப்பவர் முகத்தில் விழுவதில்லை. அந்தத் திரைகளைத் தைக்க வாங்கிய துணியில் மிஞ்சியது, இரண்டு தலையணை உறை தைக்கும் அளவு மட்டுமே. அவற்றையும் தைத்துக் கொடுத்துவிட்டோம்.